இங்கிலாந்திலிருந்து டிரெயிலர் சாமான்: கோத்தகிரி வந்து சேர என்ன ஆகும்?

நீங்கள் கேட்டது இதுதான். கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட் கொட்டகையில் பல வருடம் கிடந்த இங்கிலாந்துத் தயாரிப்பு டிரெயிலர் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். சின்னது, இரண்டு சக்கரம், முன்வண்டி வேகம் குறைத்தால் தானாகப் பிடிக்கிற ஓவர்ரன் பிரேக். பொலேரோவின் பின்னால் மாட்டி உரமூட்டையும் காய்கறியும் ஏற்ற வேண்டும். கப்ளிங் தலை (டிரெயிலரை வண்டியோடு மாட்டுகிற முனை), ஜாக்கி வீல் (கழற்றிய டிரெயிலரை முன்னால் தாங்குகிற சின்னச் சக்கரம்), பிரேக் ஷூ, பேரிங், மட்கார்டு, பின்விளக்கு ஆகிய ஆறையும் ஒரு இங்கிலாந்துக் கடையின் தளத்தில் கூடையில் போட்டுப் பார்த்தால், பொருளின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது அனுப்பும் செலவு. அதற்கு மேல் கஸ்டம்ஸ் எவ்வளவு வரும், வரவழைக்கலாமா வேண்டாமா என்கிறீர்கள்.

கப்ளிங் தலையை வரவழையுங்கள். பிரேக் சாமானில் இங்கே சரிசெய்ய முடியாததை மட்டும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மற்ற நான்கையும் கூடையிலிருந்து எடுத்துவிடலாம். குன்னூரில் இருபது வருடத்துக்கு மேலாக ஜீப், டிராக்டர் உதிரிபாகம் விற்கிறேன், வெளிநாட்டிலிருந்தும் வரவழைத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

எதற்கும் முன்னால் ஒரு கேள்வி. அந்த டிரெயிலருக்கு ஆர்.சி. இருக்கிறதா? மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெயிலர் தனி வாகனம். பொது ரோட்டில் இழுத்துப் போக அதற்கென்று தனிப் பதிவு வேண்டும், பொலேரோவின் ஆர்.சி. அதற்குச் செல்லாது. எஸ்டேட்டுக்குள்ளேயே ஓடிய டிரெயிலர்கள் பலவற்றுக்குக் காகிதமே கிடையாது. உங்களுடையதும் அப்படி இருந்தால், ஒரு பவுண்டுகூடச் செலவழிக்கும் முன் ஆர்.டி.ஓ. ஆபீசில் போய்ப் பேசுங்கள். தோட்டத்துக்குள் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் கதை வேறு.

சரி, இப்போது பொருளுக்கு வருவோம். பேரிங்கை யாரும் கடல் தாண்டி வரவழைக்க வேண்டாம். சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பைக் கழற்றி, பேரிங்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துணியால் துடைத்து, போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து ஓரத்தைப் பாருங்கள். எண் பொறித்திருக்கும். கோயம்புத்தூர் பேரிங் கடையில் அந்த எண்ணைச் சொன்னால் போதும், டிரெயிலர் எந்த நாட்டுக்காரன் செய்தது என்று அவர்கள் கேட்கவே மாட்டார்கள். துடைக்கச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. சின்ன டிரெயிலர்களில் அடிக்கடி வரும் எண்கள் எல் 44643, எல் 44649. இரண்டுக்கும் வெளிவளையம் ஒன்றேதான், எல் 44610. ஆனால் முதலாவதன் உள்துளை 25.4 மி.மீ., அடுத்ததன் துளை 27 மி.மீ.க்குக் கொஞ்சம் கீழே. துரு படிந்தால் 3-உம் 9-உம் ஒன்றுபோலத் தெரியும். தப்பானதை வாங்கி மலை ஏறி வந்தபிறகு, அது அச்சில் ஏறாது, இல்லாவிட்டால் ஆடும். ஆயில் சீலுக்கு எண் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் அளந்து சொன்னால் கொடுத்துவிடுவார்கள்.

மட்கார்டுதான் கூரியரில் வரவே கூடாத பொருள். கூரியர்காரர்கள் எடையைத் தராசில் மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். அந்த எண், தராசு எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 75, 30, 25 சென்டிமீட்டர் பெட்டியில் ஒரு ஜோடி பிளாஸ்டிக் மட்கார்டு வருகிறது என்று வையுங்கள். தராசில் மூன்று கிலோ இருக்கலாம். கணக்கிலோ 11.25 கிலோ. எட்டு கிலோ காற்றுக்கு விமானக் கட்டணம் கட்டுகிறீர்கள். உங்கள் கூடையில் அனுப்பும் செலவு அவ்வளவு ஏறியதற்கு முக்கியக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். மட்கார்டை மட்டும் எடுத்துவிட்டு ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். கோயம்புத்தூரில் கணபதி, பீளமேடு பக்கம் எந்தத் தகடு வேலைப் பட்டறையிலும் அதே வளைவில் இரும்புத் தகட்டில் அடித்துத் தருவார்கள். கல் தெறிக்கிற நம் தோட்டப் பாதைக்கு அது இன்னும் நல்லது.

ஜாக்கி வீலும் இங்கே செய்யக்கூடியதுதான். ஒரு குழாய், உள்ளே ஒரு திருகு, கீழே ஒரு சக்கரம், அவ்வளவுதான். உங்கள் டிரெயிலரில் உள்ள கிளாம்பின் உள்விட்டத்தை மட்டும் அளந்துகொள்ளுங்கள். இங்கிலாந்து டிரெயிலர்களில் 34 மி.மீ., 48 மி.மீ. இரண்டும் சகஜம். கிளாம்போடு சேர்த்து லேத்காரரிடம் கொடுத்தால் வேலை முடிந்தது.

பின்விளக்கும் நம் ஊர் டிராக்டர் டிரெயிலர் விளக்கே போதும். எல்லாம் 12 வோல்ட். இங்கிலாந்து டிரெயிலரில் ஏழு முனை வட்ட பிளக் இருக்கும். அதில் இண்டிகேட்டர் தனி, பிரேக் விளக்கு தனி. நம் வண்டியிலும் அப்படித்தான் என்பதால் ஒயர் கொடுப்பதில் சிக்கல் வராது. மலிவாக இருக்கிறதே என்று அமெரிக்கக் கடைப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். அங்கே சின்ன டிரெயிலர்களுக்கு வருகிற நாலு முனை பிளக்கில் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே ஒயர், ஒரே சிவப்பு விளக்கு. நம் வண்டியோடு அது நேராகச் சேராது.

டயரும் ரிம்மும் நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் பலர் ‘அதையும் சேர்த்துப் போட்டுவிடலாமே’ என்று நினைப்பதால் சொல்கிறேன், வேண்டாம். டயருக்கு இங்கே இந்தியத் தர முத்திரை (பி.ஐ.எஸ்.) கட்டாயம். அதற்கு மேல் 2020 ஜூனிலிருந்து பல வகை டயர்களின் இறக்குமதிக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். ஒரு ஜோடி டயருக்காக அந்தப் பாட்டைப் படக்கூடாது. பொலேரோ ரிம் போடலாமா என்று பார்க்கும்போதும் கவனம். பொலேரோ ரிம்மின் போல்ட் வட்டம், அதாவது போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம், 139.7 மி.மீ., அதாவது ஐந்தரை இன்ச், ஐந்து போல்ட். இங்கிலாந்து டிரெயிலர் ஹப் பலவற்றில் அதே ஐந்தரை இன்ச் வட்டம்தான், ஆனால் நாலு போல்ட். அளவை மட்டும் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. எண்ணியும் பாருங்கள்.

இனி கப்ளிங். இதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிர் இதில்தான் இருக்கிறது.

ஓவர்ரன் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்றால், முன்னால் போகிற வண்டி வேகம் குறைத்ததும் டிரெயிலர் அதை முட்டித் தள்ளும். அந்தத் தள்ளலில் கப்ளிங் தண்டு உள்ளே நகர்ந்து, பின்னால் போகிற கம்பியை இழுத்து, சக்கரத்தில் பிரேக்கைப் பிடிக்கும். தண்டு ஒரேயடியாகக் குத்தாமல் நிதானமாக நகர்வதற்கு உள்ளே ஒரு டாம்பர் இருக்கும். அந்த டாம்பர் செத்துப்போயிருந்தால் ஆக்சிலரேட்டரிலிருந்து ஒவ்வொரு தடவை காலை எடுக்கும்போதும் ‘டக்’ என்று முதுகில் அடிப்பதுபோல முட்டும். சமவெளியில் அது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிற முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டரில் நீங்கள் கிட்டத்தட்ட 1,500 மீட்டர் கீழே இறங்குகிறீர்கள். அத்தனை தூரமும் டிரெயிலர் உங்களைத் தள்ளிக்கொண்டே வரும். தள்ளுகிற வரைக்கும் அதன் பிரேக்கும் பிடித்துக்கொண்டே இருக்கும், சூடாகிக்கொண்டே வரும். சூடு ஏறினால் பிரேக் மங்கும். அப்போது முழுப் பாரமும் பொலேரோ பிரேக்கின் தலையில் விழும். அதனால்தான் இந்த இடத்தில் லேத் வேலை வேண்டாம் என்கிறேன். இங்கே கப்ளிங் தலையை வார்த்துத் தருகிறோம் என்பவர்கள் இருக்கிறார்கள். கையில் திறமை இருக்கும். ஆனால் அந்த வார்ப்பு எவ்வளவு இழுவைக்கு உடையும் என்று யாரும் சோதித்துச் சொல்லப் போவதில்லை. அளவும் எடையும் முத்திரை குத்திய தலையாக வாங்குங்கள்.

வாங்கும் முன் உங்களிடம் இருக்கும் பழைய தலையை ஒயர் பிரஷால் நன்றாகத் தேயுங்கள். மூன்று நாலு பூச்சு பெயிண்டுக்கு அடியில், கைப்பிடிக்குப் பக்கத்தில், எழுத்து கிடக்கும். 50 என்று இருக்கிறதா, 2 இன்ச் என்று இருக்கிறதா? தலை போய் உட்காருவது இழுக்கிற வண்டியின் பின்னால் உள்ள இரும்புப் பந்தில். இங்கிலாந்தின் பழைய டிரெயிலர்கள் 2 இன்ச் பந்துக்குச் செய்தவை, அதாவது 50.8 மி.மீ. பிறகுதான் ஐரோப்பா முழுக்க உள்ள 50 மி.மீ.க்கு மாறினார்கள். 0.8 மி.மீ. தானே என்று நினைக்கத் தோன்றும். 2 இன்ச் தலையை 50 மி.மீ. பந்தில் மாட்டினால் மாட்டிக்கொள்ளும், கைப்பிடியும் பூட்டிக்கொள்ளும். ஒரு கொண்டை ஊசி வளைவில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது கழன்றும் கொள்ளும். புதிய தலையை 50 மி.மீ.யில் வாங்குங்கள், பொலேரோவில் போடுகிற பந்தும் 50 மி.மீ. ஆக இருக்கட்டும். பந்தின் விட்டத்தை வெர்னியரில் வருடத்துக்கு ஒரு முறை அளங்கள். 49-க்குத் தேய்ந்தால் மாற்றிவிட வேண்டும்.

இன்னொன்று, பழைய கப்ளிங்குகளில் ரிவர்ஸ் எடுக்க ஒரு சின்னத் தகட்டுப் பூட்டு இருக்கும். அதைப் போட்டால்தான் பின்னால் தள்ளும்போது பிரேக் பிடிக்காது. நம் வளைவுகளில் லாரிக்கு வழிவிட அடிக்கடி ரிவர்ஸ் எடுப்போம். எடுத்து முடித்ததும் அந்தப் பூட்டு தானாக விழுகிறதா, அப்படியே நின்றுகொள்கிறதா என்று பாருங்கள். நின்றுகொள்கிறது என்றால் அதற்குப் பிறகு டிரெயிலருக்குப் பிரேக்கே இல்லை. அதற்காக மட்டுமே புதிய கப்ளிங்குக்குச் செலவு செய்யலாம்.

பிரேக் ஷூவில் பாதி வழி இருக்கிறது. ஷூவின் இரும்பு நன்றாக இருந்து லைனிங் மட்டும் தேய்ந்திருந்தால் கோயம்புத்தூரில் புது லைனிங் ஒட்டி வாங்கிவிடலாம். இரும்பே துருவேறி இதழ் இதழாக உதிர்ந்தால் வரவழைக்கத்தான் வேண்டும். அப்போது டிரம் அளவை மட்டும் சொல்லி ஆர்டர் போடாதீர்கள். ஆல்கோ, நாட் இரண்டு கம்பெனியும் 200க்கு 50 மி.மீ. அளவில் ஷூ செய்கிறார்கள், ஆனால் ஒன்றினுடையது மற்றதில் உட்காராது. டிரம்முக்குப் பின்னால் உள்ள தகட்டில் கம்பெனி பெயரும் எண்ணும் குத்தியிருக்கும். அதைப் போட்டோ எடுத்துக் கடைக்கு அனுப்புங்கள்.

இப்போது பணம். முதலில் இங்கிலாந்துக் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது வாட் வரி. தளத்தில் காட்டுகிற விலையில் அவர்கள் நாட்டு 20 சதவீத வாட் அடங்கியிருக்கும். நாட்டை விட்டு வெளியே போகிற பொருளுக்கு அந்த வரி பூஜ்யம். 240 பவுண்டு என்று போட்டிருப்பது உங்களுக்கு 200 பவுண்டுதான். பெரிய கடைகள் இந்திய முகவரியைப் போட்டதும் தானாகக் குறைத்துவிடும். சின்னக் கடைகள் நாம் கேட்காமல் செய்வதில்லை. ஒரு மெயில் போடுங்கள்.

நம் பக்கத்துக் கணக்கு இப்படி. கஸ்டம்ஸ் வரி பொருளின் விலைக்கு மட்டும் இல்லை. விலை, அனுப்பும் செலவு, இன்சூரன்ஸ் மூன்றும் சேர்ந்த தொகைக்கு. விமானத்தில் வருகிற பொருளுக்கு அனுப்பும் செலவு எவ்வளவு ஆகியிருந்தாலும், பொருளின் விலையில் 20 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக்கூடாது என்று 2007-இன் மதிப்பீட்டு விதிகளில் 10-ஆவது விதி சொல்கிறது. இன்சூரன்ஸ் தொகை தெரியாவிட்டால் 1.125 சதவீதம். ரூபாய்க்கு மாற்றுவது உங்கள் பேங்க் ரேட்டில் இல்லை, கஸ்டம்ஸ் அறிவிக்கிற ரேட்டில்.

பொருள் 20,000 ரூபாய், கூரியர் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வரிக்கு எடுக்க வேண்டிய மதிப்பு 20,000 + 4,000 + 225, ஆக 24,225. அடிப்படை வரி 10 சதவீதம் என்று எடுத்தால் 2,422.50. அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூகநலக் கூடுதல் வரி, 242.25. இவை எல்லாம் சேர்ந்த 26,889.75-க்கு 18 சதவீதம் ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்குப் போடுகிற ஜி.எஸ்.டி.) என்றால் 4,840. மொத்த வரி ஏறக்குறைய 7,505. விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும், பொருளுக்குப் பொருளும் மாறும். எண்ணை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் முறை இதேதான். ஆக 20,000 ரூபாய்ச் சாமான் 39,505 ரூபாயில் வந்து நிற்கிறது. இதற்கு மேல், உங்கள் சார்பில் வரியை முன்கூட்டிக் கட்டியதற்கு என்று கூரியர் ஒரு சேவைக் கட்டணம் போடும். பில் வந்ததும் முழு 12,000-ஐயும் மதிப்பில் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். சேர்த்திருந்தால் அந்த 10-ஆவது விதியைச் சொல்லித் திருத்தச் சொல்லுங்கள். நான் இரண்டு தடவை கேட்டு வாங்கியிருக்கிறேன்.

கஸ்டம்ஸ் வரிப் பட்டியலில் பார்சல் ‘சொந்த உபயோகம்’ என்ற தலைப்பில் வருகிறதா, ‘டிரெயிலர் பாகம்’ என்ற தலைப்பில் வருகிறதா என்பதைப் பொறுத்தும் வரி மாறும். சொந்த உபயோகப் பார்சலுக்கு 9804 என்று தனித் தலைப்பு, தனி விகிதம். டிரெயிலர் பாகங்கள் 8716-இல். சொந்த உபயோகம் என்றால் இறக்குமதி, ஏற்றுமதி செய்வோருக்கான ஐ.இ.சி. நம்பர் வேண்டாம், ஆதார் கொடுத்தால் போதும். காய்கறி வியாபாரத்துக்காக என்றால் ஐ.இ.சி. எடுத்துவிடுங்கள். ஆன்லைனில் 500 ரூபாய், உங்கள் பான் எண்ணே ஐ.இ.சி. எண். ஜி.எஸ்.டி. பதிவு இருந்து, சாமான் தொழிலுக்கு என்றால், கட்டிய ஐ.ஜி.எஸ்.டி.யை வரவு எடுக்க வாய்ப்பு உண்டு. அடிப்படை வரி போனது போனதுதான்.

விலையைக் குறைத்துப் போடச் சொல்லி யாரிடமும் கேட்காதீர்கள். நான் கேட்காமலேயே ஒரு தடவை ஒரு கடைக்காரர் எனக்கு உதவுவதாக நினைத்து, 160 பவுண்டு டாம்பர் செட்டுக்கு 25 பவுண்டு என்றும் ‘சாம்பிள்’ என்றும் எழுதி அனுப்பிவிட்டார். கஸ்டம்ஸில் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, பணம் கட்டிய ரசீது கேட்டார்கள். என் கார்டு ஸ்டேட்மென்ட், கடையின் பில், அவர் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று எழுதிய கடிதம், எல்லாம் அனுப்பி முடிய மூன்று வாரம் ஆனது. மூன்று வாரத்துக்கும் கிடங்கு வாடகை. பொருள் பறிபோகாமல் வந்ததே பெரிது. ‘கிஃப்ட்’ என்று எழுதுவதும் வழி இல்லை. 2019 டிசம்பரிலிருந்து தபாலிலும் கூரியரிலும் வரி இல்லாமல் கிஃப்ட் வரவழைக்கத் தடை, ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும் மட்டும் விலக்கு. பழைய சாமான் வாங்குவதும் அப்படித்தான். இங்கிலாந்தில் பாதி விலைக்குக் கழற்றி விற்கிற கப்ளிங் கண்ணுக்கு அழகாக இருக்கும், ஆனால் பயன்படுத்திய பொருளுக்கு இறக்குமதி உரிமம் கேட்பார்கள்.

சின்னச் சாமானுக்குக் கூரியரே வேண்டாம் என்பேன். பிரேக் கேபிள், ஷூ ஸ்பிரிங், டஸ்ட் கேப் இவை இரண்டு கிலோவுக்குள் அடங்கினால் ராயல் மெயில் தபாலில் வரவழையுங்கள். மெதுவாக வரும். ஆனால் வெளிநாட்டுத் தபால் நிலையத்தில் கஸ்டம்ஸ் மதிப்புப் போட்டு, வரியை நம் தபால்காரரிடமே கட்டி வாங்கிக்கொள்ளலாம். கப்ளிங் கனமானது, அது கூரியரில் வரட்டும். பெட்டியில் கிரீஸ் டியூப், ஸ்பிரே, பசை எதையும் கடைக்காரர் இலவசமாகப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்பிரே டப்பா போதும், மொத்தப் பெட்டியும் விமானத்தில் ஏறாமல் நின்றுவிடும்.

கடைசியாக முகவரி. கோயம்புத்தூர் வரை சுறுசுறுப்பாக வருகிற பார்சல் மேட்டுப்பாளையத்தில் தூங்குவது நமக்குப் பழகிப்போன விஷயம். சில கூரியர்கள் மலைக்கு என்று தனிக் கட்டணமும் போடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் விழுந்தாலோ மண் சரிந்தாலோ இன்னும் தாமதம். கோயம்புத்தூரில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் அவர் முகவரியைக் கொடுத்து, ஆதார் உங்களுடையது என்றால் பெயரையும் உங்களுடையதாகவே போடுங்கள். பெயரும் ஆதாரும் ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். பேரிங் வாங்கவும் லைனிங் ஒட்டவும் எப்படியும் கீழே இறங்கத்தானே போகிறீர்கள், ஒரே நடையில் கப்ளிங்கையும் எடுத்து வந்துவிடலாம். போகும்போது 50 மி.மீ. பந்தைக் கையோடு கொண்டு போங்கள். பெட்டியைப் பிரித்ததும் அங்கேயே தலையைப் பந்தில் மாட்டி, பூட்டி, கையால் மேலே தூக்கி ஆட்டிப் பாருங்கள். சரியாக உட்கார்ந்த பிறகு வண்டியில் ஏற்றுங்கள். டிரம்முக்குப் பின்னால் உள்ள தகட்டின் போட்டோவை எனக்கும் அனுப்புங்கள், ஷூ எந்தக் கம்பெனி என்று பார்த்துச் சொல்கிறேன்.